வலப்பக்கக் கட்டை

எங்கள் தீவின் பெயரைப் போட்டு உலகத்தில் அடிக்காத நாணயம் இல்லை. சிங்கம் உண்டு, எங்கள் தீவில் பூனையே முப்பதுதான் தேறும். பனிக்கரடி உண்டு. எந்த நாட்டுக் கால்பந்துக் கோப்பையோ, எந்த ராணியின் கல்யாணமோ, தொப்பி போட்ட கார்ட்டூன் யானையோ, எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் ஓரமாக 'மோத்துகாலி, இரண்டு டாலர்' என்று பொடி எழுத்தில் இருக்கும். சுத்த வெள்ளி. அந்த இரண்டு டாலரை நூறுக்கும் நூற்றைம்பதுக்கும் விற்பார்கள். கடலுக்கு அப்பால் ஒரு நாணயச்சாலை அடித்து, அங்கிருந்தே உலகம் முழுக்க அனுப்பிவிடும். பெயருக்கு வாடகை மட்டும் எங்கள் அரசாங்கத்துக்கு வரும். மோத்துகாலியில் இருப்பது ஆயிரத்து இருநூறு பேர். அந்த நாணயங்களைக் கண்ணால் பார்த்தவர்கள் பத்துப் பேர் இருக்கமாட்டார்கள். அந்தப் பத்தில் ஒன்பது பேர் என் வீட்டு அலமாரியைப் பார்த்தவர்கள்.

ஏனென்றால் நான் சேர்க்கிறவன். தபால்தலை, நாணய அலுவலகத்தின் ஒரே குமாஸ்தா. பெயர் ஃபெலேதி. ஊர் கூப்பிடுவது டப்பாக்காரன். ஒவ்வொரு நாணயமும் வட்டமான கண்ணாடி டப்பாவுக்குள் இருக்கும். அதை நான் யாரையும் திறக்க விடமாட்டேன், அதனால் வந்த பெயர். நாணயச்சாலையிலிருந்து நேரடியாக வாங்குவேன். அங்கே தீர்ந்துபோனால் பிரிஸ்பேனில் வாரன் என்றொரு வியாபாரி இருக்கிறான், அவனிடம் வாங்குவேன். ஐந்து வயதில் ஆக்லாந்துக்குப் போய் முப்பத்திரண்டில் திரும்பி வந்தவன் நான். இப்படித் திரும்பி வருகிறவர்களை எங்கள் ஊரில் 'கட்டை எந்தப் பக்கம்னு தெரியாதவன்' என்பார்கள். வள்ளம் கவிழாமல் இருக்கப் பக்கத்தில் சேர்த்துக் கட்டும் மிதவைக் கட்டையைச் சொல்கிறார்கள். அது இடப்பக்கம் இருக்கும். எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரும்புயல் அடித்து இருபத்தைந்து வருஷம் ஆனபோது, வெள்ளி விழாவுக்கு ஒரு வெள்ளி நாணயம் என்று அரசாங்கம் முடிவு செய்தது. முதல் தடவையாக எங்கள் ஊர்க்காரன் ஒருவன் எங்கள் நாணயத்தில். அது லவேகா அண்ணன். என் பெரியம்மா மகன். புயலில் வடக்குப் பாதை அறுந்துபோய் மூன்று நாள் சோறில்லாமல் கிடந்த ஊர்களுக்கு வள்ளத்தில் மாவு மூட்டை கொண்டுபோனவர். திரும்பும்போது அடிபட்டவர்களை ஏற்றி வந்தவர். பதினொரு நடை. அதில் ஏழாவது நடையில் காலொடிந்த பெண் ஒருத்தி வந்தாள். அவள்தான் மொலிமா மதினி. 'ஒடிஞ்ச கால ஏத்திவிட்டேன், அது என் தலையில ஏறி உக்காந்துக்கிச்சு' என்று அண்ணன் இருபத்தைந்து வருஷமாக ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மதினியும் இருபத்தைந்து வருஷமாக அதற்கு முறைத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த நடை மாவோடு புறப்பட்டபோது ஒரு பள்ளிக்கூட வாத்தியார் படம் எடுத்து வைத்திருந்தார். வாத்தியார் இறந்துபோய், அவர் மகள் அந்தச் சின்ன ஸ்லைடு ஃபிலிமை உறையில் போட்டு அனுப்பியிருந்தாள். ஒரே பூஞ்சை. நான் அட்டைச் சட்டத்தைப் பிரித்து, ஃபிலிமைத் துடைத்து, கருவியில் வைத்து நகலெடுத்து நாணயச்சாலைக்கு அனுப்பினேன். அங்கே படம் வரைகிறவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: மாவு மூட்டையில் இருப்பது எந்த மொழி எழுத்து, படிக்க முடியவில்லையே என்று. நானும் பார்த்தேன். எனக்கும் படிக்க முடியவில்லை. பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து வந்த நிவாரண மாவாக இருக்கும், எழுத்தை விட்டுவிடுங்கள் என்று பதில் போட்டேன்.

ஐந்நூறு நாணயம் மட்டும். அண்ணன் கூரைத் தகரத்துக்கு வைத்திருந்த பணத்தில் ஒன்று வாங்கினார். நான் ஒன்று வாங்கினேன். பிறகு வாரனிடம் இன்னும் ஐந்து. சேர்க்கிறவன் ஒன்றோடு நிற்கமாட்டான், அது ஒரு வியாதி.

செவ்வாய்க்கிழமை விமானத்தில் பெட்டி வந்தது. அண்ணன் வீட்டு முற்றத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். மதினி தேங்காய்ப் பாலில் சேப்பங்கிழங்குக் கீரையும் சூரை மீனும் வைத்திருந்தார். நான் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். வெள்ளி என்றால் அப்படியொரு வெள்ளி, முகம் பார்க்கலாம். நடுவில் வள்ளம். துடுப்போடு அண்ணன். முன்னால் மாவு மூட்டை. பின்னால் உயர்ந்து நிற்கும் அலை.

ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு டப்பா போனது. முதலில் சிரிப்பு. 'மூக்கு சரியா வந்திருக்குப்பா' என்றார் ஒருவர். அப்புறம் கோயில் மணியக்காரர் ஹெகாவ் கைக்குப் போனதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் கொடுத்தார். பேச்சு அப்படியே அடங்கிப்போனது. எனக்கு மட்டும்தான் எதற்கென்று தெரியவில்லை.

கடைசியில் மதினி கைக்கு வந்தது. பார்த்தார். நிமிர்ந்தார்.

"யாரு செத்தது?" என்றார்.

"என்ன மதினி?"

"கட்டையப் பாரு."

பார்த்தேன். கட்டை வலப்பக்கம் இருந்தது.

எங்கள் ஊரில் ஆள் இறந்தால் கை நீளத்துக்கு ஒரு சின்ன வள்ளம் செதுக்கிக் கல்லறைமேல் வைப்போம். அதற்கு மட்டும்தான் கட்டை வலப்பக்கம். அந்தப் பக்கம் போகிறவனுக்கு எல்லாம் மாறி இருக்குமாம். உயிரோடு இருப்பவனை அப்படியொரு வள்ளத்தில் உட்காரவைத்து, கீழே பெயரும் எழுதி, ஐந்நூறு நகல் எடுத்து உலகம் முழுக்க அனுப்பியாயிற்று.

"நான் ஏறின வள்ளம்" என்றார் மதினி. குரல் உயரவில்லை. "என் ஒடிஞ்ச கால அந்தக் கட்டைய வள்ளத்தோட சேத்துக் கட்டுற கொம்பு மேலதான் நீட்டி வச்சிருந்தாரு. இடது பக்கம். எனக்குத் தெரியாதா?"

"படத்தத் திருப்பிப் போட்டுட்டானுங்க மதினி" என்றேன். எனக்கும் ரத்தம் கொதித்தது. "அங்க உக்காந்திருக்கவனுக்கு வள்ளமாவது கட்டையாவது. எந்தப் பக்கம் அழகா இருக்கோ அந்தப் பக்கம் வச்சிருப்பான்."

"அழகுக்கா?"

"வேற எதுக்கு?"

அண்ணன் மட்டும் சிரித்தார். "விடுங்க. செத்தவனுக்கு சூரை மீன் கிடையாதா? இலையைப் போடு" என்றார். சாப்பிட்டோம். அண்ணனைத் தவிர யாரும் இரண்டாம் தடவை வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை மதினி என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். பப்பாளிச் சாற்றுக் கறை காயாத கையோடு நேரே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"எழுது" என்றார். "நாணயம் அடிக்கிறவனுக்கு. என் புருஷன் உயிரோட இருக்காரு."

"அன்புடையீர்னு ஆரம்பிக்கணும் மதினி."

"அன்பு எங்க இருக்கு? இருக்கிறத எழுது."

"சரி, சொல்லுங்க."

"என் புருஷன் உயிரோட இருக்காரு. நேத்து ரெண்டு தட்டு சாப்பிட்டாரு. ராத்திரி குறட்டை விட்டாரு."

"குறட்டை வேணாமே."

"செத்தவன் குறட்டை விடுவானா? எழுது. எங்க ஊருல ஒருத்தன் இன்னொருத்தன செத்துட்டான்னு சொன்னா, சொன்னவன் வந்து கைமீன் தின்னணும். அது எங்க முறை. நீங்க சொல்லியிருக்கீங்க. ஐந்நூறு தடவ சொல்லியிருக்கீங்க. செவ்வாக்கிழமை விமானம் இருக்கு. வாங்க. படுக்க இடம் இருக்கு. இப்படிக்கு, மொலிமா."

கைமீன் என்பது இதுதான். யாரைச் செத்தான் என்று சொன்னார்களோ அவனே கடலுக்குப் போய்ப் பிடித்து வந்த மீனை, சொன்னவன் அவன் வாசற்படியில் உட்கார்ந்து ஊர் பார்க்கத் தின்ன வேண்டும். தின்பவன் கை வைக்கக் கூடாது. உயிரோடு இருப்பவன் கையால்தான் ஊட்டுவான். செத்தவன் கையில் யாரும் சோறு வாங்கித் தின்னமாட்டார்கள் அல்லவா. முள் மிச்சமாகும்வரை தின்றால் சொன்ன சொல் அற்றுப்போகும்.

அப்படியே எழுதினேன். குறட்டையைக்கூட விடவில்லை. நானும் என் பங்குக்கு இரண்டு வரி காரமாகச் சேர்த்தேன், பிறர் கடலைக் காசாக்குகிறவர்களுக்கு அந்தக் கடலில் எது எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டாமா என்று. எழுதி முடித்து மதினிக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாக் கேட்ட தம்பி" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாளில் பதில் வந்தது. தங்கள் கருத்துக்கு நன்றி, தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியமானது. அவ்வளவுதான். மதினி அதைக் கையில் வாங்கி அடுப்பில் போட்டார். இன்னொரு கடிதம் எழுதச் சொன்னார். அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு பொட்டலமே வந்தது. தங்கள் மனவருத்தத்துக்கு ஈடாக, நல்லெண்ணத்தின் அடையாளமாக, அதே நாணயம் இன்னொன்று.

அதே வள்ளம். அதே வலப்பக்கக் கட்டை.

மதினி அதைப் பார்த்த பார்வையில் நானே இரண்டடி தள்ளி நின்றேன். "ஒரு தடவ கொன்னது பத்தலயாமா?" என்றார்.

இதற்குள் விஷயம் வெளியே போய்விட்டிருந்தது. ஹவாய்க்காரன் ஒருவன் வாங்கிப் பார்த்து, கட்டை மாறியிருக்கிறது என்று இணையத்தில் சேகரிப்பாளர்கள் கூடும் இடத்தில் எழுதிவிட்டான். எங்கள் உலகத்தில் தப்பு என்றால் தங்கம். வாரன் பிரிஸ்பேனிலிருந்து ஃபோன் செய்தான்.

"மச்சி, உங்கிட்ட ஆறு இருக்குல்ல? விக்காத. இன்னும் ஏறும்."

"அது தப்பான நாணயம் வாரன். எங்க ஆளு ஒருத்தருக்கு அவமானம்."

"தப்புதான் மச்சி விலை. ஐந்நூறும் தப்பு, திருத்தி இனிமே அடிக்கமாட்டான். ஒண்ணுக்குத் தொள்ளாயிரம் நான் தர்றேன். அந்த ஆளு உயிரோட இருக்காராமே, நாணயத்தோட வர்ற சான்றிதழ்ல ஒரு கையெழுத்துப் போடுவாரா? போட்டா ஆயிரத்து ஐந்நூறு."

"ஃபோனை வைடா" என்றேன். ஆனால் வைத்தபிறகு ஆறை ஆயிரத்து ஐந்நூறால் பெருக்கினால் எவ்வளவு என்று என் மனசு கணக்குப் போட்டுப் பார்த்தது. பொய் சொல்லவில்லை.

அண்ணன் கடலுக்குப் போவதை நிறுத்தி ஐந்து வாரம் ஆகியிருந்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. காற்று சரியில்லை என்றார். முதுகு என்றார். துடுப்புப் போடக் கூட வரும் மச்சான்காரன் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு வேறு வள்ளத்தில் ஏறிக்கொண்டான். விளையாட்டாகத்தான் ஊர் பேசியது. 'கல்லறையிலிருந்து எந்திரிச்சு வர்றாரு பாரு' என்று. அவரும் சிரித்தார். ஒரு நாள் அவர் கரையில் தனியாக வள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தியிருப்பதைப் பார்த்து நானும் போய்க் குந்தினேன். வள்ளத்துக்குள் மழைத் தண்ணீர் தேங்கி, அதில் இலை மிதந்தது. அவர் வள்ளத்தில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"போகலாம்ல அண்ணே" என்றேன்.

"போகலாம்."

"பின்ன?"

வள்ளத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நாணயம் வந்த மறுநாள் போனேன்டா. வள்ளத்துல கால் வைக்கிறப்ப குனிஞ்சு கட்டை எந்தப் பக்கம்னு பாத்தேன். அதுக்கு மறுநாளும் பாத்தேன். பன்னெண்டு வயசுல இருந்து கடலுக்குப் போறேன், ஒரு நாளு பாத்ததில்ல. மூணாவது நாள் அலைக்கு நடுவுல திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு இருக்கேன். பாக்குறவன் கடலுக்குப் போகக் கூடாது தம்பி. பாத்துக்கிட்டே இருந்தா அலைய யாரு பாக்குறது?"

"அந்த நாணயச்சாலைக்காரனுங்கள்ல ஒருத்தன் வந்து உங்க கையால தின்னுட்டா?"

"அப்ப போவேன்" என்றார். "அவனுக்கு மீன் வேணும்ல." பிறகு சிரித்தார். "எவன் வரப்போறான்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அலுவலகத்துக்குப் போய் மூன்றாவது கடிதத்தை நானே எழுதினேன். மதினியிடம் கேட்கவில்லை. வழக்குப் போடுவோம், பத்திரிகைக்குப் போவோம், ஒப்பந்தத்தை முறிப்போம் என்று எனக்கு அதிகாரமில்லாத எல்லாவற்றையும் எழுதினேன். படம் வரைந்தது யார், எதற்காகத் திருப்பினீர்கள், பெயரோடு பதில் வேண்டும் என்று கேட்டேன்.

பெயரோடுதான் வந்தது. படம் வரைந்தவளே எழுதியிருந்தாள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். நாங்கள் எதையும் திருப்பவில்லை ஐயா. நீங்கள் அனுப்பிய படத்தை அப்படியே இணைத்திருக்கிறேன். மூட்டை எழுத்தைப் பற்றி நாம் பேசிக்கொண்டதும் கீழே இருக்கிறது.

படத்தைத் திறந்தேன். கட்டை வலப்பக்கம். நான் அனுப்பிய படம். மூட்டையில் அந்தப் புரியாத எழுத்து. பிறகு ஒரு தாளில் அச்செடுத்து, எழுந்துபோய்க் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் பிடித்தேன்.

பிரெஞ்சும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நாங்கள் வாரா வாரம் கடையில் வாங்குகிற ஆக்லாந்து மாவு மில்லின் பெயர். பத்துக் கிலோ.

பூஞ்சை துடைத்து ஃபிலிமைப் பின்பக்கம் முன்னாகத் திருப்பி வைத்தவன் நான். அட்டைச் சட்டத்தைக் குப்பைக் கூடையில் போடாமல் மேசை இழுப்பறையில்தான் போட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தேன். 'இந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு' என்று வாத்தியார் மணி மணியாக எழுதிவைத்திருந்தார். அந்த மனுஷன் செத்தும் சரியாகச் சொல்லியிருக்கிறார். உயிரோடு இருந்த நான்தான் படிக்கவில்லை. சரி, அதைப் படிக்கவில்லை. படத்தைப் பார்த்தேனே, ஒரு நாளில்லை, ஒரு மாதம் பார்த்தேனே. தெளிவாக இருக்கிறதா, அலை நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன். வள்ளத்தைப் பார்க்கவில்லை. ஊர் இத்தனை வருஷமாகச் சொன்னது கேலியே இல்லை.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருந்தால் நான் மனுஷன். பதினொரு நாள் சொல்லவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். கடிதம் என் பெயருக்கு வந்தது, என் கணினியில் கிடக்கிறது. நாணயச்சாலைக்காரன் எங்கோ இருக்கிறான். திட்டுவதற்கு வசதியான தூரம். ஊரே அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறது, நான் வேறு எதற்குக் குறுக்கே. "பதில் வந்துச்சா தம்பி?" என்று மதினி மூன்று தடவை கேட்டார். "இன்னும் இல்ல மதினி" என்று மூன்று தடவையும் சொன்னேன். மூன்றாம் தடவை, "பதில் சொல்ல மாட்டானுங்க, கல் நெஞ்சுக்காரனுங்க" என்று சேர்த்துச் சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. கடையில் எனக்கு முன்னால் மதினி நின்றிருந்தார். கல்லாவில் அவர் வைத்தது நாலு டின் மீன்.

மோத்துகாலியில் மீன்பிடிக்கிறவன் வீட்டிலிருந்து டின் மீன் வாங்கி யாரும் பார்த்ததில்லை. கடைக்காரி அந்த டின்களைக் கையில் எடுக்கத் தயங்கினாள். பின்னால் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். மதினி யாரையும் பார்க்கவில்லை. "பைல போடு" என்றார். "அது என்ன பாம்பா?" பையை வாங்கிக்கொண்டு நொண்டிக்கொண்டே போனார். ஒடிந்து கூடிய அந்தக் கால் கோபம் வந்தால் கூடுதலாக நொண்டும்.

நான் வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்குப் போனேன். ஆறு பெட்டியையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அட்டைச் சட்டத்தையும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்குக் குழி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். கல் சிவந்துகொண்டிருந்தது. மணியக்காரர் ஹெகாவும் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேரும் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மதினி டின் மீனை இலையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"பதில் வந்திருச்சு மதினி" என்றேன்.

"என்ன சொல்றான்?"

"அவங்க திருப்பலயாம்."

"பின்ன யாரு திருப்புனா, பேயா?"

"நான்" என்றேன்.

கிழங்கு உரிக்கும் சத்தம் நின்றது. அட்டைச் சட்டத்தை எடுத்து மதினி கையில் கொடுத்தேன். ஃபிலிமைப் பிரித்தது, துடைத்தது, மாற்றி வைத்தது, மூட்டை எழுத்தைப் பிரெஞ்சு என்று சொன்னது, எல்லாம் சொன்னேன். பதினொரு நாளைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அதையும் சொன்னேன்.

மதினி சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உனக்கு என்னைக்குத் தெரிஞ்சுது?"

"பதினொரு நாள் முன்னாடி."

"நான் மூணு தடவ கேட்டேன்."

"ஆமா."

"கல் நெஞ்சுக்காரன்னு சொன்ன."

"ஆமா மதினி."

"யாரச் சொன்ன?"

நான் தோளிலிருந்த பையைக் கீழே இறக்கினேன்.

"எத்தன கடுதாசி எழுதச் சொன்னேன் உன்ன" என்றார். இப்போது குரல் உயர்ந்தது. "எங்கயோ இருக்கவன் மேல மண்ண வாரித் தூத்தச் சொன்னேன். உக்காந்து நீயும் எழுதுன. காரமா வேற எழுதுன. என் வீட்டு மீனத் தின்னுட்டுப் போயி என் புருஷனக் குழியில இறக்கிட்டு, அதுக்கு எனக்கே கடுதாசி எழுதிக் குடுத்திருக்க. டப்பாக்காரா, உனக்கு அந்தக் கட்டை எந்தப் பக்கம்னு தெரியலன்னாக்கூட நான் விட்டிருவேன். ஆக்லாந்துல வளந்தவன், போகட்டும். தெரிஞ்சப்புறம் வாயத் திறக்கல பாரு, இந்தக் கட்டை மண்ணுக்குள்ள போற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"மறக்க வேணாம் மதினி."

"நீ சொல்லாத எனக்கு, எத மறக்கணும்னு."

பையிலிருந்து ஆறு பெட்டியையும் எடுத்து அவர் காலடியில் வைத்தேன். ஆறா என்பதுபோல் எல்லோரும் பார்த்தார்கள். மணியக்காரர் மெதுவாகக் கேட்டார்: "இது இப்ப என்ன விலை போகுது?" சொன்னேன். யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"ஓகோ" என்றார் மதினி. "அதான் பதினொரு நாளா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். காசு ஆசையும் அதில் கொஞ்சம் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் அண்ணன் துருவுமணையிலிருந்து எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. குழி அடுப்பைப் பார்த்து, கடலைப் பார்த்து, வெயில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார்.

"இவன்தான சொன்னது?" என்றார்.

"இவன்தான்" என்றார் மதினி.

"அப்ப இவனுக்கு மீன் வேணுமே."

அண்ணன் குனிந்து ஒரு பெட்டியைத் திறந்து, டப்பாவை இரண்டு கட்டைவிரலால் நெரித்துத் திறந்து, நாணயத்தை வெறுங்கையில் எடுத்தார். தேங்காய் எண்ணெய்க் கை. அத்தனை பளபளப்பிலும் அவர் கைரேகை அப்பியது. துடைக்கத் துணி எங்கே என்று என் கண் தேடியது. அந்த நேரத்திலும் தேடியது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"மினுக்கும்ல" என்றார்.

கைத்துளைப்பானை எடுத்து வந்து மரக்கட்டைமேல் நாணயத்தை வைத்து, மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை போட்டார். கீழ் ஓட்டை மிதவைக் கட்டைக்கு நடுவில் விழுந்தது. வெள்ளி மிருதுவானது, சுருள் சுருளாக வந்தது. மேல் ஓட்டையில் தூண்டில் நரம்பைக் கட்டி, கீழ் ஓட்டையில் தூண்டில் முள்ளைக் கோத்தார். சூரை மீனை ஏமாற்ற நாங்கள் கரண்டித் தகட்டில் செய்வதுதான்.

மதினி மீதி ஐந்தையும் அள்ளித் தன் பையில் போட்டுக்கொண்டார். "இதுங்களும் இருக்கட்டும்" என்றார். "நரம்பு அறுந்து போகும்ல." பிறகு அண்ணனிடம் சொன்னார்: "இவனையும் கூட்டிட்டுப் போங்க. பாக்கட்டும்."

வள்ளத்திலிருந்த தண்ணீரை நான்தான் இறைத்தேன். இலைகளைப் பொறுக்கி எறிந்தேன். அலைவாயில் தள்ளிக்கொண்டுபோய், "ஏறு" என்றார் அண்ணன். ஏறும்போது நான் கட்டையைப் பார்த்தேன். இடப்பக்கம் இருந்தது. திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே, கோபம் தணியாத முகத்தோடு, கீழே குனியாமல் கால் வைத்து ஏறி உட்கார்ந்தார்.

"துடுப்பப் புடி" என்றார். "பொணம் மாதிரி உக்காராத."

பவளப்பாறை இடுக்கு தாண்டியதும் நரம்பை விட்டார். ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பங்கு சுத்தமான வெள்ளி, ஐந்நூறில் ஒன்று, எண் இருநூற்றுப் பதினெட்டு, நீலத்துக்குள் சுழன்று சுழன்று போய் மறைந்தது. இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டேன். உள்ளங்கை உரிந்தது. வெயில் சாயும் நேரத்தில் நரம்பு வெட்டி இழுத்தது. அண்ணன் எழுந்து நின்றே இழுத்தார். கை நீளச் சூரை. வாயில் அந்த நாணயத்தோடு வள்ளத்துக்குள் விழுந்து துடித்தது.

நாங்கள் கரை சேர்ந்தபோது டின் மீன் இலையோடு நாய்க்குப் போயிருந்தது. முற்றத்தில் ஐம்பது பேராவது இருந்தார்கள். மதினி மீனை வாங்கிக் கழுவினார். அடுப்புக் கல்லில் வாட்டி, தேங்காய்ப் பால் ஊற்றவில்லை, உப்புக்கூடப் போடவில்லை, அப்படியே வாழை இலையில் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார்.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் எதிரில் குந்தினார். பிய்த்து ஊட்டினார். சூடு நாக்கில் ஒட்டியது. ஊதித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. விழுங்குவதற்குள் அடுத்த வாய் வந்தது. அவர் கையில் தேங்காய் வாசமும் நரம்பு அறுத்த ரத்த வாசமும் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முதுகு முடிந்தது. வயிறு முடிந்தது. "தலையும்" என்றார் பின்னால் நின்ற மதினி. தலையையும் உடைத்து ஊட்டினார்.

முள் மட்டும் இலையில் மிஞ்சியபோது, கடைசி வாயை என் உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அண்ணன் நிறுத்தினார். அப்போதுதான் கேட்டார்.

"கட்டை எந்தப் பக்கம்டா?"

கேட்டுவிட்டு அந்த வாயையும் திணித்தார். ஊர் மொத்தமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் நிறைய மீன் இருந்ததால், இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.